துணிக்கரையில் உங்கள் பெயர், படம் யார் கையில்?

"பத்து நாளைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள் மேடம், போடலாமா?" என்று தொடங்குகிறது இந்த வாரம் வந்த கடிதம். எழுதியவருக்கு 41 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பதினோரு வருடமாக குவில்ட் தைக்கிறார். துணியைத் துண்டு துண்டாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சு விரித்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குத்தான் அந்தப் பெயர். நாலு வருடமாக அவற்றின் பேட்டர்ன்களை, அதாவது வெட்டும் அளவும் தைக்கும் முறையும் படத்தோடு சொல்லும் வழிகாட்டிகளை, தானே எழுதி, பிடிஎஃப் கோப்பாக விற்று வருகிறார். இதுவரை 29 பேட்டர்ன். ஒவ்வொன்றின் விலையும் ஏறக்குறைய ஒரு மீட்டர் குவில்ட் துணியின் விலை. அதில் ஒன்று மட்டும் போன வருடம் 600 பிரதி விற்றிருக்கிறது. மாதக் கணக்கில் பார்த்தால், பேட்டர்ன் வருமானம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது.

இப்போது துணி தயாரிக்கும் ஒரு நிறுவனம் அவர் வரைந்த இலைகளையும் பறவைகளையும் பார்த்துவிட்டு, 18 பிரிண்ட் கொண்ட துணித் தொகுப்பு ஒன்று போடலாம் என்று எழுதியிருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். ஐந்து சதவீத ராயல்டி. பிறகு வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம். தொகுப்புக்கு இரண்டு இலவசப் பேட்டர்ன், ஐந்து மாதிரிக் குவில்ட், இவை அவருடைய செலவு. மூன்று வருடம் வேறு நிறுவனத்துக்குத் துணி வடிவமைக்கக் கூடாது. "கணக்கு எழுதி அலுத்துவிட்டது மேடம். துணி வந்துவிட்டால் மாதாமாதம் ராயல்டி வரும், வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கணவர் யோசிக்கச் சொல்கிறார்" என்கிறார்.

கூடவே வேறு மூன்று கேள்விகள். அவருடைய பேட்டர்னை வாங்கிய ஒரு பெண், அதை வைத்துக் குவில்ட் தைத்து கைவினைச் சந்தைகளில் விற்கிறார். அவருக்கு அனுப்ப ஒரு காட்டமான நோட்டீஸ் எழுதி வைத்திருக்கிறார். அனுப்பலாமா? இன்னொருவர் பிடிஎஃப் கோப்பையே ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அதற்கு என்ன செய்வது? "முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் யாருடைய டிசைனும் நம்முடையது" என்று தோழி சொல்வது உண்மையா? பின்குறிப்பாக ஒரு வரி: தொகுப்பில் உள்ள ஒரு பறவை, ஒன்பது வயது மகள் வரைந்தது.

அன்புள்ள சகோதரிக்கு,

ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்தேன். இப்படியே கையெழுத்திடாதீர்கள். வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். பேசித் திருத்தி வாங்கக்கூடிய ஒப்பந்தம்தான் இது. பத்து நாள் கெடு என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. "வழக்கறிஞரிடம் காட்டியிருக்கிறேன், இன்னும் இரண்டு வாரம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். படம் கொடுத்து, சோதனை அச்சு பார்த்து, விற்பனைப் பிரதிநிதிகள் கடை கடையாக மாதிரி காட்டி, ஆர்டர் பிடித்து, அச்சடித்துக் கடைக்கு வந்து சேரவே ஒரு வருடம் போல ஆகிற தொழில் இது. இரண்டு வாரத்தில் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஏழாவது பிரிவைப் பாருங்கள்

ராயல்டி சதவீதத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கோடு போட வேண்டிய இடம் அதற்கு அடுத்த பக்கம். ஏழாவது பிரிவில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "வடிவமைப்பாளர் தரும் எல்லாப் படங்களும் நிறுவனத்துக்காகச் செய்த வேலையாகக் கருதப்படும். அப்படிக் கருத இயலாத பட்சத்தில், அவற்றின் எல்லா உரிமைகளும், எல்லா நாடுகளுக்கும், எல்லாப் பொருள்களுக்கும், நிரந்தரமாக நிறுவனத்துக்கு மாற்றித் தரப்படுகின்றன."

இரண்டு வாக்கியம்தான். ஆனால் முதல் வாக்கியம் தப்பினாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஒப்பந்தம் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தில் "கூலிக்குச் செய்த படைப்பு" என்று ஒரு வகை உண்டு. அதில் வரைந்தவர் நீங்களாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணுக்குப் படைப்பாளர் நிறுவனம்தான். சம்பளத்துக்கு இல்லாமல் வெளியிலிருந்து வேலை செய்து கொடுப்பவருடைய படைப்பு அந்த வகைக்குள் வர வேண்டுமானால், சட்டம் சொல்லும் ஒன்பது இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும், எழுத்தில் ஒப்புக்கொண்டும் இருக்க வேண்டும். துணி வடிவம் அந்த ஒன்பதில் இல்லை. ஒப்பந்தம் எழுதியவருக்கு இது தெரியும். அதனால்தான் "அப்படிக் கருத இயலாத பட்சத்தில்" என்று அடுத்த வாக்கியத்தில் மொத்தமாக எழுதி வாங்கிவிடுகிறார்.

நீங்கள் வீட்டை வாடகைக்கு விடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தாளில் இருப்பது கிரயப் பத்திரம்.

இப்படியே போனால் நடப்பது என்ன? நாளைக்கு உங்கள் இலைப் படத்தை உங்கள் பேட்டர்ன் அட்டையிலேயே போட வேண்டுமென்றாலும் அவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் அதே இலையைச் சுவர்த்தாளிலும் தட்டிலும் நோட்டுப் புத்தகத்திலும் அச்சிடலாம். ராயல்டி பற்றிய நான்காவது பிரிவோ "துணி விற்பனையில்" ஐந்து சதவீதம் என்று மட்டும்தான் சொல்கிறது. இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், சுவர்த்தாளுக்கு உங்களுக்கு ஒரு காசு வராது என்பது தெரியும். எழுதிக் கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற அமெரிக்கச் சட்டம் 35 வருடம் கழித்து ஒரு வாய்ப்பு தருகிறது. அப்போது உங்களுக்கு 76 வயது. "கூலிக்குச் செய்த படைப்பு" என்று ஆகிவிட்டால் அதுவும் கிடையாது.

ஆகவே ஏழாவது பிரிவை எடுத்துவிட்டு, உரிமம் மட்டும் தருவதாக எழுதச் சொல்லுங்கள். பதிப்புரிமை உங்களிடம் இருக்கும். குவில்ட் பருத்தித் துணியில், குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த 18 பிரிண்டையும் அச்சிட்டு விற்க அவர்களுக்கு அனுமதி. துணி தவிர வேறு பொருள் என்றால் தனிப் பேச்சு, தனித் தொகை. காலம் இரண்டோ மூன்றோ வருடம் போதும், மீண்டும் அச்சடிக்க விரும்பினால் நீட்டித்துக்கொள்ளலாம். காலம் முடிந்ததும் எல்லாம் தானாக உங்களிடம் திரும்ப வேண்டும். கையிருப்பை விற்றுத் தீர்க்க ஆறு மாதம் அவகாசம் கேட்பார்கள், கொடுங்கள், அது நியாயம்.

வேறொரு நிறுவனத்துக்கும் வடிவமைக்கக் கூடாது என்ற மூன்று வருடக் கட்டுப்பாட்டை அப்படியே ஏற்காதீர்கள். உங்களைக் கட்டிப்போடும் அந்தப் பிரிவு அவர்களை எதற்கும் கட்டவில்லை. ஒரே ஒரு தொகுப்பைப் போட்டுவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டியதுதான். கேட்டபோது மட்டும் அச்சடித்துத் தரும் டிஜிட்டல் அச்சகங்களில் உங்கள் படத்தைப் போடுவதும் இதில் அடைபட்டுப் போகும். "வருடத்துக்கு ஒரு தொகுப்பாவது வெளியிட்டால்தான் இந்தக் கட்டுப்பாடு, இல்லாவிட்டால் காலாவதி" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றைக் கவனித்தேன். ஒப்பந்தத்தில் எங்கேயும் உங்கள் பெயர் அச்சாகும் என்று இல்லை. குவில்ட் துணியின் கரையில், வண்ணப் புள்ளிகளுக்குப் பக்கத்தில், வடிவமைப்பாளர் பெயர் வருவது இந்தத் தொழிலின் வழக்கம். வழக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது, எழுதி வாங்க வேண்டும். சோதனை அச்சைப் பார்த்து ஒப்புதல் சொல்லும் உரிமையையும் கேளுங்கள். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை வேண்டும். உங்கள் நீர்வண்ண இலையில் எத்தனை பச்சை இருக்கிறதோ அத்தனையும் துணியில் வராது, குறைத்துத்தான் ஆக வேண்டும். சுழல் திரையின் சுற்றளவு பெரும்பாலும் 64 சென்டிமீட்டர் என்பதால், படம் அந்த அளவுக்குள் முழுதாக மடங்கித் திரும்ப வேண்டும். அதற்காக ஓர் இலையை நகர்த்துவார்கள், ஒரு காம்பை நீட்டுவார்கள். இதற்கெல்லாம் மனம் நோகாதீர்கள், அச்சின் இயல்பு அது. ஆனால் பச்சை பழுப்பாகி வந்தால் "இது வேண்டாம்" என்று சொல்ல ஒரு வரி உங்கள் கையில் இருக்கட்டும்.

ஐந்து சதவீதம் என்றால் எவ்வளவு?

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு நான் கணக்குச் சொல்வதா என்று தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இங்கேதான் உங்கள் எண்ணம் உண்மையிலிருந்து ரொம்ப விலகி நிற்கிறது.

ஐந்து சதவீதம் என்பது கடை விலையில் இல்லை, நிறுவனம் கடைக்கு விற்கும் மொத்த விலையில். அதிலும் "நிகர விற்பனை" என்று போட்டிருக்கிறார்கள். தள்ளுபடியும் திரும்பி வந்த சரக்கும் கழிந்த பிறகு மிஞ்சுவதில்தான் ஐந்து. கடையில் ஒரு மீட்டர் 100 என்று வையுங்கள், எந்த நாணயமானாலும் சரி. மொத்த விலை அதில் ஏறக்குறைய பாதி, 50. அதில் ஐந்து சதவீதம், இரண்டரை. ஒரு பேச்சுக்கு 18 பிரிண்டும் ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் விற்கிறது என்று கொள்வோம். 18,000 மீட்டர். உங்களுக்கு வருவது 45,000. கடை விலையில் 450 மீட்டர் துணிக்குச் சமம்.

உங்கள் பேட்டர்ன் ஒன்றின் விலை ஒரு மீட்டர் துணி விலைதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு வருட உழைப்பில் வரும் 18 பிரிண்ட் தொகுப்பும், 450 பேட்டர்ன் விற்பதும் ஒன்று. போன வருடம் நீங்கள் ஒரே பேட்டர்னில் 600 விற்றீர்கள். கட்டணம், வரி என்று கொஞ்சம் கழித்தாலும், அந்த ஒற்றை பிடிஎஃப் இந்தத் தொகுப்புக்குக் குறைந்தது இல்லை.

அப்புறம் செலவுப் பக்கம். ஐந்து மாதிரிக் குவில்ட் என்றால், மாதிரித் துணி கைக்கு வந்த சில வாரத்துக்குள் தைத்து முடித்தாக வேண்டும். மேல்துணியை நீங்களே இணைத்தாலும், மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கப் பெரிய மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டிவரும். அந்தக் கூலி, பஞ்சு, பின்துணி, அனுப்பும் செலவு எல்லாம் உங்கள் பையிலிருந்து. மாதிரித் துணியை இலவசமாகத் தர வேண்டும் என்றும், மெஷின் கூலியில் ஒரு பங்கை நிறுவனம் ஏற்க வேண்டும் என்றும் கேளுங்கள். முன்பணம் கூடுதல் வரவு இல்லை. அதே 45,000இல் முன்கூட்டியே எடுத்துக்கொண்ட பங்குதான் அது. விற்பனை சரியாகப் போகாவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறதா என்று தேடினேன், இல்லை. சேர்க்கச் சொல்லுங்கள்.

"மாதாமாதம்" என்று நீங்கள் நினைப்பதும் நடக்காது. ஒப்பந்தப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கு. குவில்ட் துணி புத்தகம் மாதிரி வருடக்கணக்கில் மறுபதிப்பாகிக்கொண்டிருக்கும் பொருளும் இல்லை. கடைகள் முன்பதிவு செய்த அளவை வைத்து ஒருமுறை அச்சடிப்பார்கள். நன்றாகப் போன ஒன்றிரண்டு பிரிண்டை மறுபடி அடிக்கலாம். சில மாதத்தில் அடுத்தவர் தொகுப்பு அலமாரிக்கு வந்துவிடும்.

அப்படியானால் எதற்காக இந்தத் தலைவலி என்று கேட்பீர்கள். துணி உங்கள் பெயரைச் சுமந்துகொண்டு போகும் என்பதற்காகத்தான். உங்களைக் கேள்வியே பட்டிராத கடைக்காரர் உங்கள் துணியை வெட்டிக் கொடுப்பார், வாங்குபவர் இதில் என்ன தைக்கலாம் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதிலாக உங்கள் பேட்டர்ன் அங்கே இருக்க வேண்டும். இதனால்தான் "இரண்டு இலவசப் பேட்டர்ன்" பிரிவில் கவனம் வேண்டும் என்கிறேன். இலவசமாகத் தருவது சின்னதாக இருக்கட்டும், ஒரு தலையணை உறை, ஒரு மேசை விரிப்பு. அவற்றின் பதிப்புரிமையும் உங்களிடமே இருக்கட்டும். பெரிய குவில்ட்டுகளின் பேட்டர்ன்களை நீங்களே எழுதி, துணி கடைக்கு வரும் வாரத்தில் விற்பனைக்கு வையுங்கள். அவற்றில் துணியின் பெயரைச் சொல்லி அளவு கொடுத்தால், துணி தீர்ந்த அன்றே பேட்டர்னும் தீர்ந்துவிடும். கூடவே "வெளிர் நிறம், நடு நிறம், அடர் நிறம்" என்றும் ஓர் அட்டவணை போட்டுவிட்டால் பத்து வருடம் கழித்தும் விற்கும்.

பேட்டர்னில் எது உங்களுடையது?

சந்தையில் குவில்ட் விற்கும் பெண்ணுக்கு எழுதிய நோட்டீஸை அனுப்பாதீர்கள். "என் டிசைனைத் திருடிவிட்டீர்கள்" என்று அதில் இருக்கிறது. 600 பிரதி விற்ற அந்தப் பேட்டர்னில் உள்ள நட்சத்திரம், ஒஹாயோ ஸ்டார் என்ற பழைய கட்டம்; துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் சதுரத்தைத்தான் கட்டம் என்கிறோம். உங்கள் பாட்டி காலத்துக்கும் முந்தையது. அமெரிக்கப் பத்திரிகையான கான்சஸ் சிட்டி ஸ்டார் மட்டுமே 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்ட வடிவங்களை வெளியிட்டது. குவில்ட் வரலாற்றாய்வாளர் பார்பரா பிராக்மன் தொகுத்த கட்ட வடிவக் கலைக்களஞ்சியத்தில் 4,000க்கும் மேல் இருக்கின்றன. புதிதாக ஒரு கட்டம் வரைந்ததும் முதலில் அதைப் புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். லாக் கேபின், ஃப்ளையிங் கீஸ், ஒஹாயோ ஸ்டார் போன்ற பழைய கட்டங்கள் எதுவும் எவருக்கும் சொந்தமில்லை.

உங்களுக்கு எது சொந்தம் என்பதை உங்கள் பேட்டர்னின் மூன்றாம் பக்கத்தை வைத்தே காட்டுகிறேன். தைத்து முடித்தபின் 3 அங்குலம் வரும் அலகுக்கு 4¼ அங்குலச் சதுரம் வெட்டி, இரண்டு மூலைவிட்டத்திலும் அறுத்து நாலு முக்கோணமாக்கச் சொல்கிறீர்கள். தையலுக்குள் போவதற்கான அந்த 1¼ அங்குலக் கூடுதல் ஒரு கணக்கு. அந்த முறையும் எல்லாருக்கும் பொது. ஆனால் அதற்குக் கீழே, முக்கோணத்தின் எந்த விளிம்பு துணியின் இழையோடு போக வேண்டும் என்று நீங்கள் எழுதிய நாலு வரி விளக்கமும், அம்புக்குறி போட்ட அந்தப் படமும் உங்களுடையவை. யாராவது அதை நகலெடுத்தால் அது மீறல். 48 நட்சத்திரங்களையும் கருநீலத்திலிருந்து வெள்ளை வரை குறுக்காக வழிந்தோட அடுக்கியிருக்கிறீர்களே, அந்த அடுக்குக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு.

இதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. ஜூடி பாய்சன் என்பவர் ஆங்கில எழுத்துகளைக் கட்டத்துக்கு ஒன்றாக வைத்து ஒரு குவில்ட் செய்தார். வரிக்கு ஐந்து கட்டம், ஆறு வரி. 26 எழுத்து முடிந்து மிஞ்சிய நாலு கட்டத்தில் பூனை, வீடு, கொடி, கூடை. அதேபோன்ற குவில்ட்டுகளை இன்னொரு நிறுவனம் இறக்குமதி செய்து விற்றது. 2001இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், எழுத்துகள் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அவற்றை அடுக்கிய விதமும் நிறங்களைத் தேர்ந்து கோத்த விதமும் சேர்ந்து பாதுகாப்புக்கு உரியவை என்றது. சில குவில்ட்டுகளில் மீறல் இருப்பதாகவும் வேறு சிலவற்றில் இல்லை என்றும் பிரித்துப் பார்த்தது. எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று அளந்து தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டையும் முழுதாகப் பார்த்தபோது என்ன தோன்றுகிறது என்றுதான் கேட்டது.

உங்கள் தோழிக்கும் இதுவே பதில். முப்பது சதவீதம் மாற்றினால் போதும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை நம்பி நீங்களும் ஒன்றும் செய்ய வேண்டாம், ஒருவர் உங்களிடம் அப்படிச் சொன்னால் பின்வாங்கவும் வேண்டாம்.

சரி, அந்தப் பெண் விஷயம். காசு கொடுத்துப் பேட்டர்ன் வாங்கியிருக்கிறார். பேட்டர்ன் இருப்பதே குவில்ட் தைக்கத்தான். தைத்ததை விற்கக் கூடாது என்று நீங்கள் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பது அவரைக் கட்டுப்படுத்துமா என்பதே வழக்காடக்கூடிய கேள்வி. வாங்கும்முன் அவர் கண்ணில் படாத நிபந்தனை என்றால் உங்கள் பக்கம் இன்னும் பலவீனம். இதே கேள்வி துணிக்கும் வரும். உரிமம் பெற்று அச்சிட்ட துணியை வாங்கிப் படுக்கை விரிப்பு தைத்து விற்றவர்மீது போர்ட்டோ ரிக்கோவில் நடந்த வழக்கில், 1997இல், அது பதிப்புரிமை மீறல் இல்லை என்றே நீதிமன்றம் சொன்னது. நாளைக்கு உங்கள் துணியில் யாரோ பை தைத்து விற்பார்கள். விற்கட்டும், உங்கள் துணிதானே தீர்கிறது. அந்தப் பெண்ணுக்கு நோட்டீஸுக்குப் பதிலாக, "உங்கள் குவில்ட் அழகாக இருக்கிறது, சீட்டில் பேட்டர்ன் பெயரையும் என் பெயரையும் போடுவீர்களா?" என்று எழுதுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகப் போடுவார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கோப்பைப் போட்டவர் விஷயம் நேர்மாறு. அது அப்பட்டமான நகல், அங்கே நீங்கள் தயங்க வேண்டாம். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, நீக்கச் சொல்லி எழுதுங்கள். நீக்காவிட்டால் அந்தச் சேவை நிறுவனத்திடம் முறையிடுங்கள். இனி விற்கும் பிடிஎஃப் ஒவ்வொன்றின் அடியிலும் வாங்கியவர் பெயர் தானாக அச்சாகும்படி செய்துவிட்டால், பாதிப் பேர் பகிர யோசிப்பார்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உங்கள் இன்னொரு பேட்டர்னின் தலைப்பிலேயே "ஜெல்லி ரோல்" என்று இருக்கிறது. 2½ அங்குலப் பட்டைகளின் கட்டுக்கு எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அது மோடா என்ற குவில்ட் துணி நிறுவனத்தின் வணிகச் சின்னம். தலைப்பில் "2½ அங்குலப் பட்டை" என்று மாற்றிவிடுங்கள். போட்டி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் நேரத்தில் இது இன்னும் முக்கியம்.

நாட்டுக்கு நாடு சட்டம் வேறு

அமெரிக்காவில் துணியில் அச்சான படத்துக்குப் பதிப்புரிமை தொடர்கிறது. இந்தியச் சட்டத்தில், வடிவமைப்பாகப் பதிவு செய்திருக்கக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் உருவாக்கிவிட்டால், அதற்கான பதிப்புரிமை போய்விடும். மெத்தைத் துணி வடிவங்கள் பற்றிய ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் இதை உறுதி செய்தது. பதிவு செய்தால் பத்து வருடம், மேலும் ஐந்து நீட்டிக்கலாம். ஆனால் வெளியே காட்டும்முன் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத வடிவத்துக்கும் வெளியான நாளிலிருந்து மூன்று வருடப் பாதுகாப்பு உண்டு. இதையெல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்தெந்த நாட்டில் துணியை அச்சடிக்கப் போகிறார்கள், எங்கே விற்கப் போகிறார்கள் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். தேவையான இடத்தில் உங்கள் பெயரில், அவர்கள் செலவில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதுவரை 18 பிரிண்டையும் எங்கும் பகிராமல் வைத்திருங்கள். ஏற்கெனவே வெளியே காட்டிய படங்கள் எவை என்று ஒரு பட்டியலும் போட்டு வையுங்கள்.

வேலையை விடுவது பற்றி

இப்போது வேண்டாம். துணி ராயல்டியைக் கணக்கில் சேர்க்காமல், பேட்டர்ன் வருமானம் மட்டும் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் சம்பளத்தில் முக்கால் பங்கைத் தொடட்டும், அப்போது மறுபடி பேசலாம். உங்கள் கணவர் யோசிக்கச் சொல்வது உங்கள் திறமையைச் சந்தேகித்து அல்ல என்று நினைக்கிறேன். இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போடுங்கள். இடையில் வாரத்தில் ஒரு நாள் குறைத்து வேலை செய்ய முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் வேலை நியமனக் கடிதத்தை எடுத்து, வெளித் தொழில் செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள். பலர் இதைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

"41 வயதில் தொடங்குவது தாமதமோ" என்று ஓர் இடத்தில் கேட்டிருந்தீர்கள். மேரி வெப்ஸ்டர் 1859இல் பிறந்தவர். ஏறக்குறைய ஐம்பது வயதில்தான் முதல் குவில்ட்டை வடிவமைத்தார். 1911இல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகை அவருடைய குவில்ட்டுகளை வண்ணத்தில் வெளியிட்டது. பேட்டர்ன் கேட்டுக் கடிதங்கள் வர, வீட்டிலிருந்தே பேட்டர்ன் தயாரித்து விற்கத் தொடங்கினார். பத்திரிகை அவர் பெயரை ஊர் ஊராகக் கொண்டு போனது, தொழிலாக நின்றது பேட்டர்ன். உங்களுக்கு அந்தப் பத்திரிகையின் இடத்தில் இந்தத் துணி இருக்கிறது.

மகளின் பறவை

பின்குறிப்பில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதுதான் கண்ணில் நின்றது. ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவில், "எல்லாப் படங்களும் வடிவமைப்பாளரே வரைந்தவை, வேறு எவருக்கும் உரிமை இல்லை" என்று நீங்கள் உறுதி கூற வேண்டும். பொய்யானால் நஷ்டம் உங்கள் பொறுப்பு. அந்தப் பறவையை வரைந்தது குழந்தை. ஒன்பது வயதானாலும் அதன் பதிப்புரிமை அவளுடையது. நீங்கள் வண்ணம் திருத்தியிருக்கலாம், அதனால் அது உங்கள் படமாகிவிடாது.

மறைக்காமல் நிறுவனத்திடம் சொல்லுங்கள். பயப்படுகிற விஷயமே இல்லை, அவர்களுக்குப் பிடித்துக்கூடப் போகலாம். 17 படத்துக்கு நீங்கள் உரிமம் தருவதாகவும், பதினெட்டாவதுக்கு மகள் சார்பில் பெற்றோராக நீங்களும் கணவரும் உரிமம் தருவதாகவும் தனி இணைப்பு போடலாம். அந்த ஒரு பிரிண்டின் ராயல்டி அவள் பெயரில் ஒரு கணக்குக்குப் போகட்டும். அதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: உன் பறவை துணியில் வரட்டுமா, நிறம் மாற்றினால் பரவாயில்லையா என்று. அவள் சரி என்றால், அந்தப் பிரிண்டின் கரையில் மட்டும் உங்கள் பெயருக்குப் பதிலாக அவள் பெயர் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.